‘நீங்களே பார்த்துக் கொடுங்கள்’: பழம்பொருள் வாங்குவோரும் விற்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய பாத்திரம், படம், நாணயம், மரச்சாமான் இவற்றை வாங்கி விற்பது இருபத்தாறு ஆண்டுகளாக என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களும், பூர்வீக வீட்டைக் காலி செய்யும் குடும்பத்தினரும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அருமை தெரியாதவரிடம் ஒரு பொருளை அடிமாட்டு விலைக்கு வாங்கலாமா என்பதுதான் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. எனக்குத் தெரிந்ததையும், நான் தவறிய இடங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

மலிவாக வாங்குவதே தவறா?

இல்லை. ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்ற குரல் தெருவில் கேட்ட காலத்தைப் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். எவர்சில்வர் வந்த புதிதில் வீடு வீடாக வெண்கலப் பானைகளும் செம்புக் குடங்களும் குத்துவிளக்குகளும் வாசலுக்கு வந்தன. பளபளப்பான இரண்டு தட்டுகளுக்காக மூன்று தலைமுறை சோறு வடித்த பானையைத் தூக்கிக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பங்கு உலைக்குத்தான் போயிற்று. அந்த வண்டியிலிருந்து ஒரு விளக்கை யாராவது எடைக்காசு கொடுத்து எடுத்திருந்தால், அந்த விளக்கு இன்று இருந்திருக்கும். பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பதைக் கிளறி, மற்றவர் கண்ணில் படாததைக் கண்டுபிடித்து வாங்குவதில் குற்றம் ஏதுமில்லை. கண்டெடுக்கிற அந்தக் கணத்தின் மகிழ்ச்சிக்காகவே பலரும் இந்தத் தொழிலில் இருக்கிறோம்.

அப்படியானால் எந்த இடத்தில் தவறாகிறது?

‘நீங்களே பார்த்துக் கொடுங்கள்’ என்று விற்பவர் சொல்கிற இடத்தில்.

பேரம் பேசும் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். சிலர் சடங்குக்குச் சொல்வார்கள். நீங்கள் ஒரு விலை சொன்னதும் முகத்தைச் சுளித்துப் பேரத்தைத் தொடங்குவார்கள். வேறு சிலர் உண்மையாகவே சொல்வார்கள். அவர்களுக்கு விலை தெரியாது, தெரியாது என்பதை உங்களிடமே ஒப்புக்கொள்கிறார்கள், தராசை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். அந்தக் கணம் முதல் நீங்கள் வாங்குபவர் மட்டும் அல்ல. அவருக்காக விலை வைக்கும் பொறுப்பும் உங்கள்மேல் விழுந்துவிட்டது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் ஆச்சி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வளவின் (உள்முற்றத்தின்) ஓரத்தில் மங்குச் சாமான்களையும் தூக்குச் சட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தார். சுவரில் ஒரு லட்சுமி படம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் வண்ணக் கல்லச்சில் எடுத்த படம் அது. சேலையின் மேல் யாரோ ஒரு பெண் பொறுமையாக ஜரிகைத் துணியும் மணியும் தைத்திருந்தார். படத்தின் கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயர் முழுதாக இருந்தது. சட்டம் போடுகிறவர்கள் வழக்கமாக அந்த விளிம்பை வெட்டிவிடுவார்கள், இங்கே வெட்டவில்லை. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சி, “கண்ணாடி மேலே கறை விழுந்துவிட்டது தம்பி, நீங்களே பார்த்துக் கொடுங்கள்” என்றார். நானும் கறையையே பார்ப்பதுபோல் பார்த்தேன். 600 ரூபாய் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் சென்னையில் 14,000 ரூபாய்க்கு விற்றேன்.

அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போனபோது ஆச்சி என்னை அடையாளம் கண்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். “அந்த லட்சுமி நல்ல இடத்துக்குப் போனாளா?” என்று கேட்டார். போனாள் ஆச்சி என்றேன். எவ்வளவுக்கு என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்ற ஒரே நினைவுடன் மோரைக் குடித்து முடித்தேன். அவர் கேட்கவில்லை. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் துணிவு வந்தபோது ஆச்சி இல்லை.

நான் பொய் சொல்லவில்லை, பேசாமல்தான் இருந்தேன். அதுவும் தவறா?

சட்டம் இந்தக் கேள்வியை நன்றாகவே யோசித்திருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17-ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. பேச வேண்டிய கடமை இருக்கும்போதும், மௌனமே பேச்சுக்குச் சமமாக இருக்கும்போதும் மட்டும் அது மோசடியாகலாம். ஒரு பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான எண்ணம் ஒப்பந்தத்தைக் கெடுக்காது என்று 20-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் விற்றவர் மனமொப்பித்தான் விற்றாரா என்று ஆராயும்போது நீதிமன்றம் அந்தக் குறைந்த விலையையும் கணக்கில் எடுக்கலாம். அதைச் சொல்வது 25-ஆம் பிரிவு.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு ‘சட்டம் என் பக்கம்’ என்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் 19-ஆம் பிரிவில் உள்ள ஓர் எடுத்துக்காட்டையும் படிக்க வேண்டும். ஒருவருடைய நிலத்தில் தாதுப் படிவு இருப்பதை இன்னொருவர் கண்டுபிடிக்கிறார். அது உரியவருக்குத் தெரியாதபடி மறைக்க வழிசெய்து, மறைத்தும்விடுகிறார். நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்குகிறார். இந்த ஒப்பந்தத்தை நிலத்துக்காரர் விரும்பினால் ரத்துசெய்யலாம் என்கிறது சட்டம். தெரிந்தும் பேசாமல் இருப்பதற்கும், தெரியாமல் இருக்கட்டும் என்று காரியம் செய்வதற்கும் நடுவே கோடு போட்டிருக்கிறார்கள்.

நம் தொழிலில் அந்தக் கோட்டைத் தாண்டுவது மிக எளிது. வெண்கலத்தைப் ‘பித்தளைதானே’ என்பது, விளக்கின் அடியில் உள்ள எழுத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வது, வேண்டிய பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு வேண்டாத நான்கை ஆர்வமாகப் பார்த்து ‘சரி, இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்பது, இல்லாத விரிசலைத் தேடுவது. ஆச்சி வீட்டில் நான் கறையைப் பார்த்தேனே, அது மௌனம் அல்ல. என் கண் பொய் சொன்னது.

பல ஆண்டுகள் படித்தும் அலைந்தும் கற்ற அறிவுக்குக் கூலி வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். மூடியைச் சுண்டினால் எழும் ஓசையிலிருந்து வெண்கலத்தைப் பித்தளையிலிருந்து பிரித்தறிய எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. வெண்கலத்தின் ஓசை நீண்டு நிற்கும். பித்தளையுடையது சட்டென்று அடங்கிவிடும். சொல்லும்போது எளிது. ஒடுங்கியதும் ஒட்டுப்போட்டதுமான பாத்திரங்களில் காதுக்குப் பிடிபட நாளாகும். போலியை வாங்கி ஏமாந்த பணமும் அந்தப் படிப்பில் சேர்த்தி. இதற்கெல்லாம் கூலி இல்லை என்றால் யாரும் கற்கமாட்டார்கள். கற்றவர்கள் இல்லாவிட்டால் எல்லாமே உலைக்குப் போகும்.

கேள்வி, கூலி எவ்வளவு என்பது. என் கணக்கைச் சொல்கிறேன். நீங்கள் வேறு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பர்மா தேக்கு அலமாரி 40,000 ரூபாய்க்குப் போகும் என்று நினைக்கிறேன். வண்டிக்கும் ஆட்களுக்கும் 3,500. கரையான் அரித்த அடிப்பலகையை மாற்றி மெருகேற்ற ஆசாரிக்கு 6,000. மீதி 30,500. வீட்டாரிடம் வாங்கும்போது இந்த மீதியில் பாதிக்குக் குறையாமல் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். ஆகவே 16,000 ரூபாயை ஒட்டிச் சொல்வேன். அலமாரி எட்டு மாதம் கடையில் நிற்கலாம், விலை குறைத்தே தள்ள நேரலாம். அந்த அபாயம் என் பாதிக்குள் அடங்கும்.

இந்தக் கணக்கை விற்பவர் முன்னாலேயே தாளில் போட்டுக் காட்டிவிடுவேன். சிலர், நான் சம்பாதிக்கப்போவதைப் பார்த்து விற்காமல் விட்டிருக்கிறார்கள். பலர் விற்றிருக்கிறார்கள்.

விற்பவரும் வியாபாரி என்றால்?

அவர் விலை சொல்கிறார், நீங்கள் வாங்குகிறீர்கள். முடிந்தது. நடைபாதைப் புத்தகக் கடைக்காரர் ஒரு மூட்டையை எடைக்கு வாங்கி, ஒவ்வொன்றையும் இருபதுக்கும் ஐம்பதுக்கும் விற்கிறார். அதில் ஓர் அரிய முதல் பதிப்பு இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தால் அவர் பிழைப்பு நடக்காது என்பதும் தெரியும். 1985-இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில் புத்தகம் தேடியவர்கள் இந்த எழுதாத உடன்பாட்டின் பேரில்தான் தேடினார்கள். ஆனால் அவரே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ‘இது ஏதாவது பெறுமா சார்?’ என்று கேட்டுவிட்டால், பொய் சொல்லாதீர்கள்.

பழைய பட்டுப் புடவை வாங்க வருபவர்கள் கொடுக்கும் விலை நியாயமா?

இதைப் பற்றி எழுதக் கை கொஞ்சம் நடுங்குகிறது.

பழைய பட்டின் ஜரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. புடவை நைந்து கிழிந்தாலும் வெள்ளி எங்கும் போய்விடாது. தெருவில் வருபவர்கள் வாங்குவது அந்த வெள்ளியைத்தான். பட்டை எரித்து, எஞ்சியதை உருக்கிப் பிரித்தெடுப்பார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அம்மா தன் கூறைப் புடவையை எடுத்து வந்தார். அரக்குச் சிவப்பு, மடிப்புகளில் எல்லாம் விட்டுப்போயிருந்தது. வந்தவர் முந்தானையை மடியில் பரப்பினார். நகத்தால் ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்த்தார். ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். இழை சுருண்டு கருகியது. சாம்பலை விரல் நுனியில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். இவ்வளவும் செய்துவிட்டு, “பட்டு மக்கிப்போச்சே அம்மா, ஒன்றுக்கும் உதவாது” என்றார். பட்டு அவருக்கு வேண்டவே வேண்டாம். வேண்டாத பாகத்தின் குறையைச் சொல்லி, வேண்டிய பாகத்துக்கு விலை வைத்தார். இரண்டு பிளாஸ்டிக் குடங்களும் கொஞ்சம் சில்லறையும் கிடைத்தன. அம்மா அந்தக் குடங்களை மகிழ்ச்சியாகத்தான் வாங்கிக்கொண்டார்.

அவர் மகிழ்ச்சியாக இருந்தாரே, பிறகு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அம்மாவுக்கு ஜரிகை வெள்ளி என்பது ஓரளவு தெரியும். எவ்வளவு வெள்ளி, அது இன்று என்ன விலை என்பதுதான் தெரியாது. கேட்டிருந்தால் பக்கத்துத் தெரு நகைக்கடையில் சொல்லியிருப்பார்கள். அவரைக் கேட்கவிடாமல் தடுத்தது ‘ஒன்றுக்கும் உதவாது’ என்ற சொல். என்னைப் பொறுத்தவரை அந்தப் பேரத்தில் நடந்த தவறு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘ஜரிகை நன்றாக இருக்கிறது, இவ்வளவுதான் என்னால் கொடுக்க முடியும்’ என்று சொல்லி அதே விலையைக் கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

பழைய வெள்ளி ரூபாய்களைக் கொண்டுவருபவர்களுக்கு என்ன சொல்வது?

முதலில் ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் காலத்து ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம். 1940-க்கு முந்தையவற்றில் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேல். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். இதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே விலையில் அள்ளிக்கொள்பவர்கள், முந்தைய நாணயங்களை வைத்திருப்பவர்களை ஏய்க்கிறார்கள்.

இதைவிட நுட்பமானது 1939 என்று பொறித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அது மிக அரிது, சேகரிப்பவர்கள் வெள்ளியின் மதிப்பைப்போலப் பல மடங்கு கொடுப்பார்கள். அதனாலேயே போலிகளும் நிறைய. ஒரு டப்பா நிறைய நாணயங்களுடன் வருபவரிடம் அப்படி ஒன்று இருந்தால், அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, ‘இதை மட்டும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுவேன். மற்றவற்றை என்னிடமே விற்பார். பெரும்பாலும் அந்த ஒன்றையும் என்னிடமே திரும்பக் கொண்டுவருவார்.

உண்மையைச் சொன்னால் அளவுக்கு மீறி ஆசைப்படுகிறார்களே?

ஆசைப்படுவார்கள். கைப்பேசியில் வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு, சாதாரண ஐந்து ரூபாய் நாணயம் லட்சங்களுக்குப் போகும் என்று நம்பி வருபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்கி விற்பதாகச் சொல்லி, தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்கும் ஏமாற்றுக்காரர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அறியாமை இரண்டு பக்கமும் போகும். பெறுமதி உள்ளதைக் குப்பை என்று நினைப்பவரும் இருக்கிறார், குப்பையைப் புதையல் என்று நினைப்பவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும், அதாவது எனக்குத் தெரிந்த விலையை. முதலாமவரிடம் வாயை மூடிக்கொண்டு, இரண்டாமவரிடம் மட்டும் நேர்மையாகப் பேசுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வாங்கும்போது எனக்கும் தெரியாது. பிறகுதான் பெறுமதி தெரிந்தது. என்ன செய்வது?

நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அது உங்களுடையது. நான் அப்படிப்பட்ட இரண்டு சமயங்களில் திரும்பிப் போய் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறேன். அது என் மனத்துக்காகச் செய்தது, நீங்களும் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் பொருளுக்கு உள்ளே இருந்த பொருள் வேறு கதை. பீரோவை வாங்குகிறீர்கள், இரகசிய அறையில் ஒரு ஜோடித் தோடும் நிலப்பத்திரமும் இருக்கின்றன. அவர் விற்றது பீரோவை, தோட்டை அல்ல. திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை ஒரு மரப்பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் கிடைத்தன. சந்தையில் அவற்றுக்குப் பெரிய விலை ஒன்றும் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த வீட்டுப் பெரியவர், தந்தையின் கையெழுத்தை முதன்முதலாகப் பார்ப்பதாகச் சொன்னார்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததாக யாராவது கொண்டுவந்தால், வாங்கவே வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

சாமி சிலை விலைக்கு வந்தால்?

தொடாதீர்கள். இதில் நியாயமான விலை என்று ஒன்று கிடையாது.

1976-இல், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பத்தூர் என்ற ஊரில், பாழடைந்த சிவன் கோயிலுக்கு அருகே மண் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்கு நடராசர் சிலையும் வேறு படிமங்களும் கிடைத்தன. சொற்பப் பணத்துக்குக் கைமாறிய சிலை, லண்டன் போய்ச் சேர்ந்தது. 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. பிறகு லண்டன் போலீசார் அதைக் கைப்பற்றினர். வழக்கில் கோயிலின் உரிமை ஏற்கப்பட்டு, 1991-இல் நடராசர் நாடு திரும்பினார். கண்டெடுத்த அந்த மனிதரை யார் ஏமாற்றினார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஆனால் அவரிடம் லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும் தவறு தவறுதான். விற்க அவருக்கு உரிமையில்லை, ஏனென்றால் சிலை கோயிலுடையது.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்கள், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொழிலாக விற்க உரிமம் வேண்டும்.

ஏட்டுச் சுவடிகள் வீணாகப் போவதைவிட நான் மலிவாக வாங்குவது மேல் அல்லவா?

வீணாகப் போவதைவிட எதுவும் மேல்தான். உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி அலைந்த காலத்தில், பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சொன்னதைக் கேட்டு நொந்துபோனார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் இருந்தார்கள். வைத்திருந்தவர்களுக்கு அருமை தெரியவில்லை. அவரோ இதைப் பயன்படுத்தி ஏடுகளை வாரிக் குவிக்கவில்லை. வீடு வீடாகப் போய், இது இன்ன நூல், இதை அச்சிடப்போகிறேன் என்று சொல்லிக் கேட்டார். புறநானூறு 1894-இல் வெளிவந்தது. தம் பதிப்புகளின் முன்னுரையில், ஏடு தந்தவர்களின் பெயர்களையும் ஊர்களையும் எழுதிவைத்தார். சுவடி வைத்திருந்த குடும்பம் தன் பெயரை அச்சில் பார்க்க முடிந்தது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் இங்கே நினைக்க வேண்டும். யாரும் சீந்தாத பழைய புத்தகங்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. என்ன விலைக்கு வாங்கினோம் என்பதோடு, வாங்கியதை யாருக்குத் திறந்து வைத்தோம் என்பதும் கணக்கில் சேரும். சுவடி கிடைத்தால் முதலில் ஒரு நூலகத்துக்குத் தெரிவியுங்கள். குடும்பத்தாரையும் அங்கே அழைத்துப் போங்கள்.

செட்டிநாட்டு வீட்டுத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் வாங்கலாமா?

இங்கே அறியாதவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் முன்னால் நிற்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். பர்மா தேக்கின் விலையும், சென்னையில் விடுதி கட்டுபவர் ஒரு ஜோடித் தூணுக்கு என்ன கொடுப்பார் என்பதும் அவருக்கு அத்துப்படி. அறியாதவர்கள், அங்கே இல்லாத பங்காளிகள். அந்த வீடுகள் பலவற்றுக்குச் சாவி ஒருவரிடம், பாத்தியதை இருபது பேருக்கு. ஒருவர் கோலாலம்பூரில் இருப்பார், ஒருவர் அமெரிக்காவில் இருப்பார். வீட்டுப் படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, ஊருக்கு வரும்போதுதான், முகப்பில் தூண் இருந்த இடத்தில் சிமெண்ட் கம்பம் நிற்பதைப் பார்ப்பார்கள்.

சாவிக்காரரிடம் நல்ல விலை கொடுத்தே வாங்கினேன் என்பது இங்கே பதிலாகாது. பங்காளிகளில் இன்னும் இரண்டு பேருடன் தொலைபேசியில் பேசாமல், எழுத்தில் சம்மதம் வாங்காமல் நான் ஒரு கதவைக்கூடக் கழற்றுவதில்லை. இதனால் கைவிட்டுப்போன வீடுகள் உண்டு. அடுத்த வாரமே வேறொருவர் லாரியில் ஏற்றிப்போனதைப் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் வழக்கத்தை மாற்றவில்லை.

இப்படியெல்லாம் பார்த்தால் வியாபாரம் செய்ய முடியுமா?

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை ‘கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது’ நடந்தவர்கள் என்கிறது. தம்முடையதையும் பிறருடையதையும் ஒன்றாகவே எண்ணினார்களாம். கடல் கடந்து வியாபாரம் செய்த ஊர் அது. கொடுக்கும்போது குறைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கொள்ளும்போது மிகையாக எடுக்கக் கூடாது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

ரோமிலும் இந்தப் பேச்சு இருந்திருக்கிறது. ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்தை வாங்கப் போனார். விற்பவர் விலை சொன்னதும், இது அதற்கும் மேல் பெறும் என்று சொல்லி ஒரு லட்சம் செஸ்டர்ஸ் (அந்நாட்டு நாணயம்) கூடுதலாகக் கொடுத்தார். நல்லவர் செய்கிற காரியம்தான், ஆனால் புத்திசாலி செய்வாரா என்று ஊர் பேசியதை எழுதிவைத்த ரோமானிய அறிஞர் சிசேரோ, நன்மையையும் புத்தியையும் இப்படிப் பிரிப்பதுதான் கேடு என்று வாதாடினார். நான் ஸ்கேவோலா அளவுக்குப் போவதில்லை. ஆனால் என் கடைக்கு வரும் பொருட்களில் பாதிக்கு மேல், முன்பு என்னிடம் விற்றவர்கள் அனுப்பிவைத்த ஆட்களிடமிருந்து வருகின்றன.

நான் விற்பவர். ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

வந்த அன்றே விற்காதீர்கள். ‘இன்று மட்டும்தான் இந்த விலை’ என்பவரிடம் எந்த நாளும் விற்காதீர்கள். பாத்திரத்தைத் துலக்க வேண்டாம், படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டாம், நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம். அரிய நாணயத்தின் மதிப்பு தேய்த்த கணமே விழுந்துவிடும். இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் பொருளைவிட, பார்க்காததுபோல் பார்க்கும் பொருளைக் கவனியுங்கள். எடைக்கு விற்பதானால், முதலில் உங்கள் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து எழுதிவையுங்கள். வெண்கலம், பித்தளை, செம்பு மூன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள்.

வருவது நானாக இருந்தாலும் இதையே செய்யுங்கள். சென்ற மாதம் ஒரு வீட்டில், வெண்கலப் பானையை என் கைத்தராசில் நிறுத்துச் சொன்னேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு எதிரில் இருந்த மளிகைக் கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, இருநூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்றார். நானும் போய் நிறுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, என் தராசு குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. அந்த இருநூறு கிராமுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையே தராசைச் சரிபார்த்து முத்திரையிடக் கொண்டுபோனேன். அந்த மாதம் எடைக்கு வாங்கிய வீடுகளின் ரசீதுகளை எடுத்து வைத்திருக்கிறேன். பதினொரு வீடுகள். இதுவரை நான்குக்குப் போய்வந்திருக்கிறேன்.